சும்மா நிற்க ஒரு சாக்கு

ஐம்பது வயது ஆள் ஒருவர் காலை ஆறு மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டு மைய மண்டபத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? முதல் பத்து நிமிடத்தில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருபதாவது நிமிடம் டீக்கடைக்காரர், "என்ன சார், யாரும் வரணுமா?" என்று விசாரிப்பார். அரை மணி தாண்டினால், ஆளுக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை படி இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அதே ஆளின் கழுத்தில் ஒரு கேமரா தொங்கட்டும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். போட்டோ எடுக்கிறார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடங்களாக அந்த ஆள் நான். பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன்; கேமரா ஞாயிற்றுக்கிழமைக்கு. "இதுல உனக்கு என்னப்பா கிடைக்குது?" என்று கேட்காத உறவினர் இல்லை. கல்யாணங்களுக்குப் படமெடுத்துக் காசு பார்ப்பதில்லை, போட்டிகளுக்கு அனுப்புவதும் அபூர்வம். ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

முதல் பதிலைச் சொல்லிவிட்டேன்: ஓரிடத்தில் சும்மா நின்று பார்க்க ஒரு கௌரவமான சாக்கு. வளர்ந்துவிட்டால் நம் ஊரில் அதற்கு அனுமதி கிடையாது. குழந்தை எறும்பு வரிசையை ஒரு மணி நேரம் பார்க்கலாம். அப்பா பார்த்தால் அம்மாவுக்குக் கவலை வந்துவிடும். மற்ற பலன்களெல்லாம் இந்தச் சாக்கிலிருந்து கிளைத்தவை என்பதே என் அனுபவம்.

அப்படி நிற்கும்போது முதலில் கண்ணில் படத் தொடங்குவது வெளிச்சம். வழக்கமாக நாம் பொருளைப் பார்க்கிறோமே தவிர, அதன்மேல் விழும் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. மூளை நமக்குத் தெரியாமலேயே அதைச் சரிக்கட்டிவிடும். குண்டு பல்பின் அடியில் வெள்ளை வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளைதான்; அதையே அந்தக்காலக் கலர் பிலிமில் எடுத்தால் மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி வரும். உச்சி வெயிலில் நிற்பவரின் முகம் நேரில் சாதாரணமாகத்தான் இருக்கும். படத்தில் கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். அவரை நாலு எட்டு நகர்த்தித் திண்ணை நிழலில் உட்காரவையுங்கள். தெருவிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம் கன்னத்து எலும்பையும் நெற்றிச் சுருக்கத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்கும். ஸ்டூடியோக்காரர்கள் குடை கட்டி, வெள்ளைத் துணி கட்டி, செலவழித்து வரவழைக்கிற வெளிச்சம் அது. நம் தாத்தாக்கள் அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நான் பத்து தடவையாவது போயிருப்பேன். விமானத்தின் அடிப்பகுதி முழுக்கக் கல்வெட்டு என்பது தெரியும். பார்த்திருக்கிறேன் என்றும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு மார்கழிக் காலையில், மதிலைத் தாண்டி ஏறிய வெயில் தெற்குப் பக்கத்துக் கல்லை உரசிக்கொண்டு போனது. ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் ஓர் இழை நிழல் தங்கியது. கல் பின்வாங்கி எழுத்து முன்னால் வந்துவிட்டது. வெயில் நகர்ந்து சுவருக்கு எதிரே வந்ததும் எல்லாம் பழையபடி தட்டையாகிவிட்டது. பத்து தடவை போயும் நான் பார்க்காததற்குக் காரணம் எளிது: பதினொரு மணிக்குப் போய், பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

இதே கல்வெட்டுகளின் முன்னால் 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி கேமராவோடு நின்றிருக்கிறார். அப்போது அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். கோயிலின் அடித்தளத்தை ஒட்டி நகர்ந்து நகர்ந்து எடுத்த 21 படங்களைச் சேர்த்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருக்குச் சம்பளம் உண்டு, எனக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சுவர்த் துண்டுக்கும் வெளிச்சம் பார்த்து நின்றிருப்பாரே, அந்தக் கால்வலி எனக்கு இப்போது புரிகிறது.

கேமரா வைத்திருப்பவன் எதையும் நேரில் பார்ப்பதில்லை என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. பாதி உண்மை. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். சில பொருள்களை வெறுமனே பார்க்கவும், சிலவற்றைப் படமெடுக்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்த பொருள்கள்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தன. கேமராவிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று மூளை கையைக் கழுவிவிட்டது போலும். 2014இல் அச்சான இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அதிலேயே இருக்கும் இன்னொரு முடிவை மட்டும் விட்டுவிடுவார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி, ஜூம் செய்து எடுக்கச் சொன்னபோது அந்த மறதி வரவில்லை. நெருங்கிப் பார்க்காத பகுதியும் சேர்ந்தே நினைவில் நின்றது. 2017இல் வேறொரு குழு செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். எதைப் படமெடுப்பது என்று தாங்களே முடிவு செய்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவிருந்தது. காதால் கேட்டது குறைந்துபோனது. என் மனைவி இந்த இரண்டாம் பாதியை ஆய்வில்லாமலேயே கண்டுபிடித்துவிட்டாள். திருவிழாவில் அவள் சொன்ன எதுவும் என் காதில் விழுந்ததில்லை.

ஆக, பிரச்சினை எடுக்கும் விதத்தில் இருக்கிறது. கையைத் தூக்கிக் கிளிக் செய்துவிட்டு நகர்வது நினைவை ஒத்திவைப்பது. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்த யோசனையே மனதில் பதிகிறது. வாசற்கோலத்தை எடுக்கப் போகிறீர்கள். மூலையில் நீலப் பிளாஸ்டிக் வாளி. அதை விட்டுவிடலாமா, இல்லை, கோலம் போட்ட கை அங்கே இப்போதுதான் இருந்தது என்பதற்கு அந்த வாளிதான் சாட்சியா? இந்த மாதிரி அற்பச் சந்தேகங்களில் கழிகிற காலைப்பொழுதுக்கு ஈடாக எனக்கு வேறொன்று கிடைத்ததில்லை. கணக்குப் புத்தகத்தில் எல்லா வரியும் வர வேண்டும். இங்கே பாதியை நானே தள்ளலாம்.

கேமராவின் உள்வேலையும் இந்தப் பேரத்தைத்தான் சொல்லித் தருகிறது. அப்பர்ச்சர் என்பது ஜன்னலை எவ்வளவு அகலம் திறப்பது; ஷட்டர் ஸ்பீடு எவ்வளவு நேரம் திறந்து வைப்பது; ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக்கொள்வது. வைகைப் படுகையில் பறக்கும் கொக்கின் இறக்கை கலங்காமல் வேண்டுமென்றால் ஜன்னலைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத்தான் திறக்க முடியும். அதற்கு ஈடாக அகலமாகத் திறந்தால் கொக்கு தெளியும், பின்னால் இருக்கும் பாலம் மங்கும். பெருக்கினால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி தட்டும். கலங்காத இறக்கை, தெளிந்த பாலம், புள்ளியில்லாத படம் மூன்றும் சேர்ந்து லேசில் கிடைக்காது. இதைக் கைப்பழக்கமாக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அலுவலகத்தில் இருபது வருடத்தில் இவ்வளவு புதிதாக எதையும் கற்றுக்கொண்டதில்லை.

நின்று பார்ப்பதற்காகவே கேமராவை வைத்திருந்தவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர். பல பாகங்களை ஒன்றுசேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கேமராவுக்குப் பெயர் வைக்கிற மனிதரை எனக்கு உடனே பிடித்துவிடும். ஆனால் அவரைப் படிக்கும்போது தெரிவது, காட்டுக்குப் போகாத நாளிலும் அவர் பார்வை ஓய்வெடுக்கவில்லை என்பது. வீட்டைச் சுற்றியுள்ள காக்கையும் அணிலும் பல்லியும் யானைக்குச் சமமான மரியாதையோடு அவர் எழுத்தில் வருகின்றன. தமிழில் அவர் எழுதியவற்றை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாகக் கொண்டுவந்திருக்கிறார். கேமரா வாங்கும் முன் அதை வாங்குங்கள், விலை குறைவு.

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கேமரன். (கேமரன் கணவர் வழியில் வந்த பெயர், கேமராவுக்கும் அதற்கும் உறவில்லை.) கல்கத்தாவில் 1815இல் பிறந்து, இங்கிலாந்தில் வைட் தீவில் குடியிருந்தவர். 1863 டிசம்பரில், அவருக்கு 48 வயதானபோது, மகளும் மருமகனும் பொழுதுபோகட்டும் என்று ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். கோழிக்கொட்டகை ஸ்டூடியோ ஆயிற்று, நிலக்கரி போடும் அறை இருட்டறை ஆயிற்று. கோழிகள் எங்கே போயின என்பது வேறு கதை. அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். கையும் உடுப்பும் கறைபடும். டென்னிசன், டார்வின், வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் எல்லாரும் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தார்கள்.

அவர் படங்களில் ஃபோகஸ் மென்மையாகக் கலங்கியிருக்கும். தகட்டில் கீறலும் விரல்ரேகையும் தெரியும். அந்தக்கால விமர்சகர்கள் இதைக் கைத்திறன் இல்லாத பெண்மணியின் பிழை என்றார்கள். முகம் எந்த இடத்தில் அழகாகத் தெரிந்ததோ அங்கேயே நிறுத்திக்கொண்டேன், மேலும் கூர்மையாக்க நினைக்கவில்லை என்ற பொருளில் அவரே எழுதியிருக்கிறார். தொழில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. வாடிக்கையாளர் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார். பிடித்தபடி செய்யும் சுதந்திரம் பொழுதுபோக்காகச் செய்பவருக்குக் கிடைக்கிற பெரிய சொத்து. 1875இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். களுத்துறையில் ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். 1879இல் இலங்கையிலேயே இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

யாரும் பார்க்காவிட்டால்? சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மையர் பல்லாண்டுகள் தெருவில் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றை அச்சிடவில்லை, பல சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை பாக்கிக்காக அவர் பொருள்கள் 2007இல் ஏலத்துக்குப் போனபோதுதான் வெளியே தெரிந்தது. 2009இல் அவர் இறந்த பிறகே உலகம் கொண்டாடியது. அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்று சொல்ல நான் யார்? ஆனால் விருப்பக் குறிகளை எண்ணி எண்ணிச் சோர்ந்துபோகும் நண்பர்களிடம் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

கருவி ஆசை பற்றி ஒரு வார்த்தை. லென்ஸ் வாங்கும் நோய் எனக்கும் மூன்று வருடம் இருந்தது. வீட்டில் சொன்ன விலையும் வாங்கிய விலையும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை, கணக்கெழுதுபவனாக இருந்தும். சட்டைப்பையில் இருக்கும் போன் போதும். ஒரே இடத்துக்கு ஒரு வருடம் போங்கள், அதே தெப்பக்குளம், அதே தெரு முனை. இடம் சலித்துப்போகும். சலித்த பிறகுதான் படம் வரத் தொடங்கும்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. கேமரா இல்லாவிட்டால் நான் அந்நியரிடம் பேசும் ரகம் இல்லை. கேட்டு எடுப்பது, எடுத்ததைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டதில் ஊரில் பாதித் தெருக்கள் உறவாகிவிட்டன. தெப்பக்குளம் பக்கம் பூக்கட்டி விற்கும் அப்பத்தா ஒருவர். ஒருநாள் அவரே கூப்பிட்டார்.

"ஏப்பா, என்னைய ஒண்ணு எடுத்துக் குடு. நான் போனப்புறம் செவுத்துல மாட்ட ஒரு போட்டோ கெடையாது. ரேசன் கார்டுல இருக்குறதப் பாத்தா நானே பயந்துருவேன்."

அவரை ஒரு வீட்டுத் திண்ணையில், நான் மேலே சொன்ன அந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்காரவைத்தேன். மடியில் மல்லிகை, கையில் நார். கிருஷ்ணனையும் கேமரனையும் மனதில் வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில், பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, சட்டமும் மாட்டி எடுத்துப்போனேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்பத்தா சட்டத்தைத் தள்ளிப் பிடித்தும் கிட்ட வைத்தும் வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் நல்லாருக்குப்பா. வெத்தல போட்ட வாயி, செவப்பே தெரியலையே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலரில் ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.