தோலுக்குள் ஒரு சில்லு: எதைக் கண்டு அஞ்ச வேண்டும்?

2017 ஓகஸ்ட் முதலாம் திகதி, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள த்ரீ ஸ்குவெயார் மார்க்கெட் என்ற நிறுவனம் தனது ஊழியர்களின் கைகளில் மைக்ரோசிப் பொருத்தியது. சுமார் 80 பேர் பணியாற்றிய அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 50 பேர் இதற்கு இசைந்தனர். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, தோலின் கீழ், ஓர் அரிசிமணி அளவிலான சில்லு. அதைக் கொண்டு அலுவலகக் கதவைத் திறக்கலாம், கணினிக்குள் நுழையலாம், சிற்றுண்டி வாங்கலாம். எவரையும் வற்புறுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனாலும், மாடுகளுக்குக் குறிசுடுவதைப் போல மனிதருக்கும் தொடங்கிவிட்டார்களா என்ற கோபம் பல இடங்களிலும் எழுந்தது.

அதே ஆண்டில் சுவீடனில் நிலைமை வேறாக இருந்தது. அரசுக்குச் சொந்தமான எஸ்ஜே ரயில் நிறுவனம், கையில் சில்லு உள்ள பயணிகள் அதையே பயணச்சீட்டாகப் பயன்படுத்த அனுமதித்தது. 2018 அளவில் சுமார் 4,000 பேர் சில்லுப் பொருத்தியிருப்பதாகச் செய்திகள் கூறின. ஒரு கோடி மக்கள் வாழும் நாட்டில் இது சிறு தொகைதான். ஆனால் அங்கே பெரிய எதிர்ப்பு எழவில்லை. ஒரே பொருள் ஓரிடத்தில் வசதியாகவும் இன்னோரிடத்தில் விலங்காகவும் தெரிவது ஏன்?

முதலில் இந்தச் சில்லு என்ன செய்யும் என்பதைப் பார்ப்போம். ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளமும் 2 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட கண்ணாடிக் குப்பிக்குள் அது இருக்கிறது. அதற்கு மின்கலம் கிடையாது. வாசிக்கும் கருவியை மிக அருகில் கொண்டுசெல்லும்போது, அந்தக் கருவியின் ரேடியோ அலையிலிருந்து சக்தி பெற்று, தன்னிடமுள்ள இலக்கத்தை அனுப்பும். வளர்ப்பு நாய்களுக்குப் பொருத்துவதும், தொட்டுப் பணம் செலுத்தும் வங்கி அட்டைகளில் இருப்பதும் இதே வகை நுட்பம்தான். அதனால் செய்மதியுடன் பேச முடியாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எவருக்கும் அறிவிக்கவும் முடியாது. அந்த வேலைக்கு உங்கள் கையடக்கத் தொலைபேசியே போதும்.

இந்த அடிப்படை தெரியாததால்தான் கொவிட் காலத்தில் வதந்தி வென்றது. தடுப்பூசி மூலம் பில் கேட்ஸ் மக்களுக்குச் சில்லு ஏற்றப்போகிறார் என்பதை அமெரிக்கர்களில் 28 சதவீதமானோர் நம்புவதாக 2020 மே மாதம் யாஹூ நியூஸ் - யூகவ் கருத்துக்கணிப்பு காட்டியது. எங்கள் உறவினர்களின் வட்ஸ்அப் குழுவிலும் அந்தக் கதை சுற்றியது. தடுப்பூசி ஏற்றும் ஊசியின் உள்விட்டம் அரை மில்லிமீற்றரும் இல்லை. 2 மில்லிமீற்றர் குப்பி அதற்குள் நுழையாது என்று நான் எழுதினேன். பதிலுக்கு வந்தது இன்னொரு குரல்பதிவு. 2021 டிசம்பரில் சுவீடன் நிறுவனம் ஒன்று, தடுப்பூசிச் சான்றிதழைக் கைச்சில்லில் சேமித்துக் காட்டியபோது, அந்தக் காணொளி வதந்திக்காரர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்ததுபோல் ஆனது.

அச்சப்பட்டவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது சரியல்ல என்றே நினைக்கிறேன். மனிதருக்கான வெரிசிப் என்ற சில்லுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004 இல் அனுமதி வழங்கியது. மயக்கநிலையில் வரும் நோயாளியின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடிக்க உதவும் என்று அதை விற்றார்கள். 2007 இல், இத்தகைய சில்லுகள் பொருத்தப்பட்ட ஆய்வுகூட எலிகள் சிலவற்றில் கட்டிகள் உருவானதாக அசோசியேட்டட் பிரஸ் வெளிப்படுத்தியது. மனிதரில் அப்படி நிறுவப்படவில்லை. ஆனால் நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2010 இல் விற்பனை நிறுத்தப்பட்டது. விவிலியத்தின் திருவெளிப்பாடு நூல் பேசும், வலக் கையிலோ நெற்றியிலோ இடப்படும் குறியை இதில் கண்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 2006 இல், ஒருவரது உடலில் சில்லுப் பொருத்துமாறு எவரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றிய அமெரிக்க மாநிலம் விஸ்கொன்சின். மீறினால் நாளொன்றுக்கு 10,000 டொலர் வரை தண்டம். 2017 இல் அந்த நிறுவன ஊழியர்களில் கணிசமானோர் மறுத்துவிட்டு வேலையில் தொடர முடிந்ததற்குப் பின்னால் இந்தச் சட்டமும் நின்றது. இருந்தாலும் சம்பளம் தருபவர் கேட்கும்போது ‘விருப்பம்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது தனிக் கேள்வி.

உடலுக்குள் கருவி வைப்பதையே மக்கள் வெறுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரை யாரும் அடிமைக்குறி என்பதில்லை. ஆனால் ஆரோக்கியமானவர்களின் சிந்தனைத் திறனைக் கூட்டும் மூளைச் சில்லுகள் பரவலாவது சமூகத்துக்கு நல்லதா என்று பியூ ஆய்வு மையம் 2021 இல் கேட்டபோது, அமெரிக்கர்களில் 56 சதவீதமானோர் நல்லதல்ல என்றார்கள். நல்லது என்றவர்கள் 13 சதவீதமே. குணப்படுத்தும் கருவி எனக்காக வேலை செய்கிறது. அடையாளம் சொல்லும் சில்லோ, என்னைப் பற்றி இன்னொருவருக்குச் சொல்கிறது. அந்த இன்னொருவர் மீது உள்ள நம்பிக்கையே வித்தியாசத்துக்குக் காரணம். பிறப்பிலிருந்தே அரசு தரும் தனிநபர் இலக்கத்தோடு வாழ்ந்து, அதனால் பெரிய தீங்கு காணாத சுவீடன்காரருக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

நமக்கு? அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுச் சோதனைச் சாவடியில் நின்ற தலைமுறைக்கு, ஓர் இலக்கம் யார் கைக்குப் போகிறது என்பது ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. இலங்கையில் கைச்சில்லுத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் கைரேகை, கண் கருவிழி, முக அடையாளம் ஆகியவற்றைச் சேகரிக்கும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்படுகிறது. அட்டை தொலைந்தால் புதிதாக எடுக்கலாம். கைரேகை களவுபோனால் மாற்ற வழியில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அது அரச நிறுவனங்களையும் உண்மையில் கட்டுப்படுத்துமா, மறுப்பவருக்குச் சேவை மறுக்கப்படுமா, பொலிஸும் படையினரும் அந்தத் தரவைப் பார்க்க நீதிமன்ற அனுமதி வேண்டுமா என்பவையே நாம் இப்போது கேட்க வேண்டியவை. ஊசிக்குள் இல்லாத சில்லைத் தேடிக்கொண்டிருந்தால், இந்தக் கேள்விகளைக் கேட்க நேரம் கிடைக்காது.