"தங்கச்சியோட ஹேர் டிரையர் போச்சு... ஆனா உலை எரிஞ்சுது!" - காங்கேயம் தோட்டத்தில் ஒரு வீட்டுக் கொல்லுப்பட்டறை

பொங்கல் லீவுக்கு காங்கேயம் பக்கத்தில் இருக்கும் அப்புச்சி தோட்டத்துக்குப் போயிருந்தேன். களைக்கொத்து நாலும் முனை மழுங்கி மூலையில் கிடந்தன. ஊர் ஆசாரி பட்டறை வாரத்துக்கு ரெண்டு நாள்தான் திறக்கிறது. அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கூட நின்று துருத்தி போட்ட அவர் மனைவிக்குத் தோள்பட்டை வலி. கரன்ட்டில் ஓடும் ப்ளோயர் ஒன்று வைத்திருக்கிறார். கரன்ட் போனால் அன்றைய வேலையும் போச்சு.

"நாமளே ஒரு உலை போட்டா என்னங் அப்புச்சி?" என்று கேட்டுவிட்டேன். செல்போனில் நாலு வீடியோ பார்த்த தைரியம்தான்.

உலை செய்வது கஷ்டமே இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடையில் லாரி பிரேக் டிரம் ஒன்று, கீழே காற்று வர ஒரு இரும்புக் குழாய், அவ்வளவுதான். கரிக்கும் பஞ்சமில்லை. காங்கேயத்தில் தேங்காய்க் களங்களைச் சுற்றி தொட்டிக்கரி கிடைக்கும் (கொட்டாங்குச்சியை எங்கள் ஊரில் தொட்டி என்போம்). பிரச்னை எல்லாம் காற்றில்தான் ஆரம்பித்தது.

கரியை சும்மா பற்றவைத்தால் கனன்றுகொண்டு கிடக்கும், இரும்பு மங்கலாகச் சிவக்கும். அடித்து வளைக்க வேண்டுமென்றால் ஆரஞ்சு நிறம் வர வேண்டும். கிட்டத்தட்ட 1,000 டிகிரி. அதற்குத்தான் ஊத வேண்டும். எவ்வளவு ஊத வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சர்யம். ஒரு கிலோ கரி முழுசாக எரிய சுமார் 9 கன மீட்டர் காற்று போதும். மொட்டைமாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க்கில் ஒன்பது டேங்க் அளவு காற்று. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோ கரி எரிக்கிற சின்ன உலைக்கு, நிமிடத்துக்கு 150 லிட்டர். ஒரு சின்ன மோட்டாரே இதைவிடப் பல மடங்கு தள்ளும்.

இது தெரியாமல்தான் தங்கச்சியின் ஹேர் டிரையரைக் கையில் எடுத்தேன். 1,000 வாட்ஸ் என்று அதன்மேல் எழுதியிருந்ததும் ஒரு காரணம். அந்த வாட்ஸில் பெரும்பகுதி சூடேற்றும் கம்பிச்சுருளுக்குத்தான் போகிறது. நமக்குச் சூடு வேண்டாமே என்று சுருளை வெட்டி எடுத்துவிட்டு, மோட்டாருக்கு நேராக வீட்டு கரன்ட்டைக் கொடுத்தேன். ரெண்டே செகண்டில் புகை. மலிவான ஹேர் டிரையர்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்ன டி.சி மோட்டார். 230 வோல்ட்டைக் குறைத்து அதற்குக் கொடுக்கும் வேலையையும் அந்தச் சுருளே பார்க்கிறது. சுருளை வெட்டினால் மோட்டார் கருகாமல் என்ன செய்யும்? கையில் ஷாக் அடிக்காமல் போனது என் நல்ல நேரம். தயவுசெய்து யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். தங்கச்சி இன்னும் பேசவில்லை.

அடுத்து, வீட்டு வேக்யூம் கிளீனரைத் திருப்பி மாட்டினோம். கரி பறந்து அம்முச்சியின் காயப்போட்ட சேலையில் விழுந்தது. அத்தோடு அதை மூட்டை கட்டியாயிற்று.

கடைசியில் கைகொடுத்தது பழைய கார் ஒன்றின் ஏ.சி ப்ளோயர். 12 வோல்ட்டில் ஓடுவது. முதலில் அதை 2 ஆம்பியர் அடாப்டரில் சொருகினேன். 'விர்' என்று ஒரு முக்கல், நின்றது. திரும்ப முக்கல், நின்றது. ஐ.டி.ஐ-யில் எலெக்ட்ரீஷியன் படித்த மாமா பையன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆஃப் ஆகிவிடுகிறது. பேட்டரிக்கு அந்தத் திணறல் கிடையாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் கொடுத்ததும் சத்தமில்லாமல் சுழன்றது. பேட்டரி வயரில் ஃப்யூஸ் போடாமல் மட்டும் தொடாதே என்றான், போட்டோம். வேகத்தைக் கூட்டிக் குறைக்க, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலர் ஒன்று.

மெதுவாக ஓட்டும்போது 3 ஆம்பியர்தான் எடுத்தது. அதாவது 36 வாட்ஸ், ஒரு டியூப் லைட் அளவு. 100 ஏ.ஹெச் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 16 மணி நேரம் வரும். ரெண்டு முழு நாள் வேலை!

அன்று சாயங்காலமே முதல் கொத்தை உலையில் வைத்தேன். இரும்பு வெளுக்கட்டும் என்று காற்றை முழுசாகத் திறந்துவிட்டேன். முனையிலிருந்து மத்தாப்பு போல பொறி பறந்தது. எனக்கு ஒரே குஷி. அப்புச்சி ஓடிவந்து, "ஏங்கண்ணு, இரும்பு எரியுது பாரு!" என்று இடுக்கியைப் பிடுங்கினார். வெளியே எடுத்தால் முனையில் ஒரு விரல்கடை அளவு காணோம். காற்று அளவுக்கு மீறினால், கரி போக மிச்சமிருக்கும் காற்று இரும்பையே தின்னும். வெளுப்பது வரைக்கும் போகவே கூடாது.

அதற்குப் பிறகு குழாயில் ஒரு தகர அடைப்பு செய்தோம், தண்ணீர் வால்வு மாதிரி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. காற்றை அடைத்தால் மோட்டார் திணறும் என்றுதான் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு. இந்த வகை ப்ளோயரில் வாயை அடைக்க அடைக்க, தள்ள வேண்டிய காற்று குறைவதால் கரன்ட் இழுப்பதும் குறைகிறது. வேகத்தை மாற்ற முடியாத 230 வோல்ட் பட்டறை ப்ளோயர் வைத்திருப்பவர்கள், ஃபேன் ரெகுலேட்டரை மாட்டி மோட்டாரைச் சூடாக்குவதைவிட இந்தத் தகரத் தகட்டை வைப்பதே மேல்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ப்ளோயர் திடீரென நின்றால், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு காற்றுக் குழாய்க்குள் இறங்கித் தேங்கும். கரன்ட் திரும்பி வந்து ப்ளோயர் தானாக ஓடினால் அந்த வாயு தீயோடு கலந்து 'டொப்'பென்று குழாய்க்குள்ளேயே வெடிக்கும். கரன்ட் வந்து வந்து போகிற ஊரில் இது விளையாட்டு இல்லை. நின்றவுடன் சுவிட்சை ஆஃப் செய்து, அடியில் இருக்கும் சாம்பல் மூடியைத் திறந்துவிட வேண்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது என்பதால் மூடிய ரூமில் உலை கூடவே கூடாது. குழாயும் துத்தநாகப் பூச்சு இல்லாத கறுப்பு இரும்பாக இருக்கட்டும். ஜி.ஐ குழாய் நெருப்பில் பட்டால் வரும் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

நாங்கள் இவ்வளவு பாடுபட்டது இந்த மண்ணுக்குப் புதுசா என்ன? எங்கள் தோட்டத்திலிருந்து பைக்கில் போகும் தூரத்தில், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது இரும்பு உலைகளும் கசடும் காற்று ஊதும் சுடுமண் குழல்களும் கிடைத்தன. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே ஊதியிருக்கிறார்கள். மோட்டார் ஏது? மனிதர்கள்தான். குறுந்தொகையில், ஏழு ஊருக்குப் பொதுவாக ஓர் ஊரில் இருக்கும் கொல்லனின் துருத்தி உவமையாக வருகிறது. அதற்கு அங்கே பெயர் 'மிதிதோல்'. காலால் மிதித்து ஊதுவது. யார் மிதித்தார்கள் என்று பாட்டில் இல்லை. எங்கள் ஊர் பட்டறையில் அது யார் என்று எனக்குத் தெரியும்.

இந்தியாவின் முதல் மோட்டார் என்று சொல்லப்படுவதை 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது கோவையில்தான். மோட்டாரும் பம்ப்பும் இங்கிருந்து நாடு முழுக்கப் போகின்றன. ஆனாலும் ஊர்ப் பட்டறைகளில் துருத்திக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்த காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. கர்நாடகத்தில் செல்கோ பவுண்டேஷன் கொல்லர்களுக்கு சோலாரில் ஓடும் ப்ளோயர் அமைத்துக் கொடுத்திருக்கிறது. நாங்கள் செய்ததும் அந்த வழிதான், சோலார் தகடு மட்டும் இல்லை.

லீவு முடிகிற அன்று மிச்சம் மூன்று கொத்துகளோடு ப்ளோயரையும் பேட்டரியையும் வண்டியில் ஏற்றி ஆசாரி பட்டறைக்குப் போனோம். ஒரு கொத்தை நான் எரித்துத் தொலைத்த கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்ட்ரோலரை நான் வைத்திருந்ததில் பாதிக்கும் கீழே குறைத்தார். கரி சத்தமில்லாமல் சிவந்தது. மூன்று கொத்தும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது ப்ளோயரைக் கழற்றப் போனவனை மாமா பையன் கையைப் பிடித்து நிறுத்தினான். பேட்டரியை மட்டும் ரெண்டு நாளைக்கொரு தரம் சார்ஜ் போட்டுத் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறான்.

எங்கள் பிரேக் டிரம்மில் இப்போது அம்முச்சியின் கோழி அடைகாக்கிறது.