உங்களுக்குத் தெரியுமா? சின்னவர்களுக்குச் சதுரங்கம்

● இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் ஒன்று சேர்கின்றன. சதுரங்கத்தில் ஒரே ராஜாவிடம் வேலை பார்க்கும் இரண்டு மந்திரிகளோ கடைசிவரை சேருவதில்லை. ஒருவர் வெள்ளைக் கட்டத்திலேயே குறுக்காகப் போவார், மற்றவர் கறுப்பிலேயே.

● ஆடுபுலி ஆட்டம் தெரிந்த பிள்ளைக்குக் குதிரையைச் சொல்லிக்கொடுப்பது சுலபம். புலி தாண்டினால் ஆடு போச்சு. குதிரை தாண்டினால் நடுவில் நிற்கும் காய்க்கு ஒன்றும் ஆகாது. போய் இறங்கும் கட்டத்தில் எதிரி இருந்தால்தான் வெட்டு. இப்படித் தாண்டிப் போய் வெட்டுகிற காய் அது ஒன்றுதான்.

● 'சதுர்' என்றால் நான்கு, 'அங்கம்' என்றால் உறுப்பு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படைதான் சதுரங்கம்.

● முதல் நாளே 32 காய்களையும் பரப்பிவிட்டால் குழந்தை மிரண்டுபோகும். இரு பக்கமும் எட்டெட்டுச் சிப்பாய்களை மட்டும் வையுங்கள். முதல் நகர்வில் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், பிறகு ஒவ்வொன்றாக. நேரே நடக்கும், குறுக்கே வெட்டும், பின்வாங்காது. யாருடைய சிப்பாய் எதிர்முனையை முதலில் தொடுகிறதோ அவர் ஜெயித்தார். ஐந்து வயதுப் பிள்ளையும் இதை ஆடும். முழு ஆட்டத்தில் அப்படிப் போய்ச் சேர்ந்த சிப்பாய் ராணியாகவே மாறலாம் என்று மறுநாள் சொல்லுங்கள். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

● முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்ற பழைய கதையை நம் ஊர்ப் பக்கம் மருந்து தோய்க்காத தீக்குச்சியை வைத்தே செய்து பார்க்கலாம். முதல் வரிசை முடிய 255 குச்சி. இரண்டாவது வரிசை முடிய 65,535. பெட்டிக்கு 50 குச்சி என்றால் 1,311 பெட்டி வேண்டும். பாதிப் பலகைக்கே 429 கோடிக்கு மேல்! 64 கட்டமும் நிறைய 1,84,467 கோடி கோடி குச்சி. சிவகாசி, சாத்தூர் ஆலைகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாத காரியம்.

● மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார் ஆனந்த். சென்னைப் பையன் குகேஷ் ஆடக் கற்றது ஏழு வயதில். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனபோது வயது 18.

● பலகைக்குக் காசு வேண்டாம். சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் அட்டை போதும். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு தீட்டுங்கள். ஆடுபவரின் வலதுகை மூலையில் வெள்ளைக் கட்டம் வர வேண்டும்.