கோல்ப் மட்டை உடைஞ்சு போச்சா? குப்பையில் போடலாமா, கொடுத்து உதவலாமா?

சென்னை அண்ணா சாலையில் தினமும் பஸ்சில் போகிறவர்களில் பலருக்கு, நந்தனத்தில் ஒரு கோல்ப் மைதானம் இருப்பதே தெரியாது. 1873-ம் ஆண்டு தொடங்கிய காஸ்மாபாலிட்டன் கிளப்பின் மைதானம் அது.

"அது பணக்காரர் ஆட்டமாச்சே, நமக்கென்ன?" என்று கேட்கலாம். ஆனால் முதலாளி ஆடி ஓய்ந்த மட்டை பல நேரங்களில் யார் கைக்குப் போகிறது தெரியுமா? பை தூக்கும் 'கேடி' கைக்கு. (போலீஸ் பட்டியலில் வரும் கேடி அல்ல. ஆட்டக்காரருக்கு உதவியாகக் கூடவே நடப்பவரின் பெயர் அது!)

அந்தப் பழைய மட்டை நல்லதா, ஆபத்தானதா என்பதுதான் விஷயம்.

தலை பறக்கும்!

கோல்ப் மட்டையில் 3 பாகங்கள் உண்டு. தலை, தண்டு, கைப்பிடி. தலையையும் தண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது எபாக்சி பசை. பசை விட்டுப்போனால், ஓங்கி வீசும்போது தலை கழன்று பறக்கும். எதிரே நிற்கிறவர் கதி அதோகதிதான்.

தலையைக் கையால் பிடித்து லேசாகத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். அசைந்தாலோ, 'கிறீச்' என்றாலோ ஆடக்கூடாது. சூடு காட்டித் தலையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை போட வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். சின்ன வேலைதான். அவசரப்பட்டால் கெட்டது!

சென்னை வெயிலில் கார் டிக்கிக்குள் பையைப் போட்டு வைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சூடு பசையை இளக்கிவிடும். கடற்கரைக் காற்றோ இரும்புத் தண்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

பஞ்சு சொல்லும் சேதி

தண்டு இரண்டு வகை. ஒன்று இரும்பு, இன்னொன்று கிராபைட். வளைந்த இரும்புத் தண்டை நிமிர்த்திவிட்டால் பார்வைக்கு நேராக இருக்கும். ஆனால் வளைந்த இடத்தில் பலம் போயிருக்கும். இன்றில்லாவிட்டால் நாளை அங்கேதான் முறியும்.

கிராபைட் விஷயம் இன்னும் மோசம். விரிசல் கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தண்டு நெடுகத் தடவினால், இழை சிக்கும் இடத்தில் கீறல் இருக்கிறது என்று அர்த்தம். உடைந்தால் சிம்பு சிம்பாகப் பிளந்து கையைக் கிழிக்கும். டேப் சுற்றி ஒப்பேற்றும் வேலை இங்கே பலிக்காது. தண்டையே மாற்ற வேண்டும்.

கைப்பிடி தேய்ந்து வழவழப்பானால் கவலை வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவிப் பார்க்கலாம். அதற்கும் சரிப்படாவிட்டால், பழைய ரப்பரை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் சுற்றிப் புதுப்பிடி மாட்டலாம். மட்டை புதுசு போல ஆகிவிடும்.

கோபம் குடியைக் கெடுக்கும்

ஆட்டத்தில் ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆட்டத்தின் நடுவே ஒன்று தானாக உடைந்தால், 2023-ல் வந்த விதிப்படி ரிப்பேர் செய்யலாம், வேறு மட்டையும் வாங்கிக்கொள்ளலாம். ஆத்திரத்தில் உடைத்தால்? மாற்று கிடையாது!

அமெரிக்க வீரர் பென் கிரென்ஷா இதற்கு நல்ல உதாரணம். 1987-ல் ஒகையோவில் நடந்த ரைடர் கோப்பைப் போட்டி. 6-வது குழியில் பந்து சரியாக விழாத கோபம். பந்தைக் குழிக்குள் தள்ளும் 'பட்டர்' மட்டை உடைந்தது. பாக்கி ஆட்டம் முழுவதும் வேறு இரும்பு மட்டைகளால் பந்தைத் தள்ளிப் பார்த்தார். கடைசிக் குழியில் அயர்லாந்தின் ஈமான் டார்சியிடம் தோற்றார். அமெரிக்க மண்ணில் ஐரோப்பா அந்தக் கோப்பையை முதன்முதலாக வென்றது அப்போதுதான். வித்தியாசம் 15-க்கு 13!

2021 மாஸ்டர்ஸ் போட்டியில் தென்கொரியாவின் கிம் சி-வூவும் இதே வேலையைச் செய்தார். கடைசி 4 குழிகளுக்குத் தூரம் அடிக்கும் மட்டையால்தான் பந்தைத் தள்ளினார்.

பழசு தந்த பரிசு

ஸ்பெயின் நாட்டு செவ் பாலெஸ்டெரோஸ் சிறுவனாகக் கடற்கரையில் ஆடப் பழகியது ஒரே ஒரு பழைய இரும்பு மட்டையில். 1979-ல் பிரிட்டிஷ் ஓப்பனையே வென்றார், வயது 22. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் இந்திய ஓப்பனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-ல் அதே பட்டத்தைத் தட்டினார்.

ஆகவே பிடி மட்டும் தேய்ந்த மட்டையை எறியாதீர்கள். மாற்றி, ஆட ஆசைப்படும் ஒரு பையனுக்குக் கொடுங்கள். அது புண்ணியம். விரிசல் விட்ட தண்டை "பரவாயில்லை, வச்சுக்கோடா" என்று கொடுக்காதீர்கள். அது தானம் இல்லை. வினை!