படைவீரர்களைத் தாமதமாகத் தாக்கும் நரம்பு நோய்: அமெரிக்கச் சட்டம் தரும் 7 ஆண்டு அவகாசம்

மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மேலுறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிதைப்பதால் வருவது 'மல்டிபிள் ஸ்களீரோசிஸ்'. பார்வை மங்குதல், கை, கால் மரத்துப்போதல் போன்ற தொடக்க அறிகுறிகள் சில வாரங்களில் தாமாகவே மறைவதுண்டு. சிக்கலே அதுதான், நோய் உறுதியாவதற்குள் வீரர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அமெரிக்காவில், குறைந்தது 90 நாள்கள் பணியாற்றிய வீரருக்குப் பணி விடுவிப்புக்குப் பின் 7 ஆண்டுகளுக்குள் இந்நோய் வெளிப்பட்டால், மாற்றுச் சான்று இல்லாதவரை அது ராணுவப் பணியுடன் தொடர்புடையதாகவே கருதப்பட்டு, இழப்பீடு வழங்கப்படுகிறது. பெரும்பாலான நாள்பட்ட நோய்களுக்கு இந்த அவகாசம் ஓராண்டு மட்டுமே.

நோய் பின்னரே உறுதியானாலும், அறிகுறிகள் அக்காலத்துக்குள் தென்பட்டதை நிறுவினால் போதும். மரத்துப்போன கையைப் பொருட்படுத்தாமல் விட்ட வீரரிடம் மருத்துவப் பதிவு இருக்காது. அத்தகையோருக்கு, உடனிருந்து கண்ட குடும்பத்தினரின் வாக்குமூலமும் சான்றாகப் பரிசீலிக்கப்படுகிறது.