நாணலின் பெருமை அறிந்த அம்மையார்

வீட்டு வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி வைப்பது நாகரிகம். வேலியோரத்தில் தானே படர்ந்த செங்காந்தளைப் பிடுங்கி எறிவது சுத்தம். நம்மில் பலர் இப்படித்தான் எண்ணி வந்திருக்கிறோம். விலை கொடுத்து வாங்காத செடிக்கு மதிப்பில்லை என்னும் இந்த மூட நம்பிக்கையைத் தம் ஆராய்ச்சியால் பொய்யாக்கியவர் தாவர சாஸ்திரி ஜானகி அம்மாள். அவருடைய வாழ்க்கையில் நம் கொங்கு நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

அம்மையார் 1897-ஆம் வருஷம் தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் நீதிபதி, தோட்டத்திலும் பறவைகளிலும் தீராத ஆசை கொண்டவர். அந்த ஆசையே மகளுக்கு வந்த சொத்து. சென்னையில் படித்து, அமெரிக்கா சென்று, மிச்சிகன் சர்வகலாசாலையில் 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் பள்ளிக்கூடம் செல்வதே அபூர்வமாயிருந்த காலம் அது.

1934-ல் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கடல் கடந்து வந்த தடித்த கரும்பு தித்திப்பு மிக்கது. ஆனால் வட இந்தியாவின் வறட்சியையும் குளிரையும் தாங்காது. அதற்கு வலிமை தந்தது எது தெரியுமா? நமக்கு வடக்கே பவானிக் கரையிலும், தெற்கே நொய்யல் கரையிலும் யாரும் சீந்தாமல் வளரும் நாணல்தான்! பார்பர் துரையும் வெங்கடராமன் அவர்களும் கரும்பை நாணலோடு கலந்து, 1918-லேயே புதிய ரகம் தந்திருந்தார்கள். அம்மையார் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அச்செடிகளின் குரோமோசோம்களை எண்ணி, அந்தக் கலப்பின் உட்பொருளை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து காட்டினார்.

1939-ல் எடின்பரோ மாநாட்டுக்குச் சென்ற இடத்தில் யுத்தம் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கி, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்த பெருநூலை 1945-ல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில், நம் சண்பகத்தின் இனமாகிய மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் என்னும் மருந்தை இட்டு ஆராய்ந்தார். ஒரு மக்னோலியா இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்தக் கால்ச்சிசின், மேலே சொன்ன செங்காந்தளிலும் உண்டு. நம் மூலனூர், தாராபுரம் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுவது இதைத்தான். வேலியிலிருந்து பிடுங்கி எறிந்த கொடியின் விதை சந்தையில் நல்ல விலைக்குப் போகிறது!

நேருஜியின் அழைப்பை ஏற்று 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வு ஸ்தாபனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை மேற்கொண்டார். நம் நாட்டுச் செடிகளை நம் நாட்டார் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒருமுறை ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்று, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைத் தேடினார். அது எரிந்து கிடக்கக் கண்டார். ஒரு மரம் போனால் ஒரு வம்சமே போகக்கூடும் என்பதை அவர் படித்து அறியவில்லை, கண்ணால் கண்டார்.

ஆகவேதான் எண்பதை எட்டிய வயதிலும் அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கடைசிக் காலத்தைச் சென்னையை அடுத்த மதுரவாயலில் மூலிகைச் செடிகளோடு எளிமையாகக் கழித்து, 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி காலமானார். அவ்வருஷம் நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை.

அம்மையாருக்குச் சிலை எழுப்பிவிட்டு அவர் நேசித்த செடிகளை வெட்டினால் அது மரியாதை ஆகுமா? நம் கொறங்காடுகளின் கிளுவை வேலியை அகற்றிக் கம்பி வேலி போடுமுன் ஒரு கணம் யோசிப்போம். வாசலில் ஒரு நொச்சி, ஓர் ஆடாதோடை நட இடமில்லாத வீடு நம் ஊரில் அதிகமில்லை. அவற்றின் பெயரும் குணமும் பாட்டிமார்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே குழந்தைகள் கேட்டுக்கொள்ளட்டும்.