இயங்கு சிற்பத்தில் மூலமும் படியும்

சிற்பம் அசைவற்றது என்னும் கருத்து ஐரோப்பியக் கலையுலகில் நெடுங்காலம் வினவப்படாமலே நிலவியது. கல்லும் உலோகமும் அசைவின் சாயலைத் தரலாமேயன்றி அசைவாக இயலாது. 1920இல் மாஸ்கோவில் நௌம் காபோவும் அவர்தம் தமையனார் அந்துவான் பெவ்ஸ்னரும் வெளியிட்ட ‘யதார்த்த அறிக்கை’ இவ்வெல்லையை மறுத்தது.

காபோ 1919–20இல் உருவாக்கிய ‘இயங்கு கட்டுமானம் (நிலை அலை)’ அம்மறுப்பின் செயல்வடிவம் எனலாம். உள்நாட்டுப் போரும் பசியும் சூழ்ந்த அந்நகரில் எந்திர உறுப்புகள் கிடைப்பதே அரிதாயிருந்தது. அடித்தளத்துள் ஒரு மின்மோட்டார். அதன்மேல் செங்குத்தாக ஒரு மெல்லிய உலோகக் கம்பி. அவ்வளவே. மோட்டார் ஓடத் தொடங்கியதும் கம்பி விரைந்து அதிர்கிறது. வளைந்து பருத்த, ஒளி ஊடுருவும் வடிவமொன்று காற்றில் நிற்பதாகத் தோன்றுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சுவது கம்பி மட்டுமே.

எந்திரத்தையும் புலனுறுப்பையும் தமிழ் ஒருங்கே ‘பொறி’ எனச் சுட்டுவது இங்கு நினையத்தக்கது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி பயன் கருதியது. விசயையைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்கியதோடு அதன் பணி முடிகிறது. காபோவின் பொறி எதனையும் சுமப்பதில்லை. காண்பவரின் கண்ணாகிய பொறியிலேயே அது நிறைவுறுகிறது.

அருங்காட்சியகங்களின் இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. இயக்கமே படைப்பு எனில் தேய்மானம் தவிர்க்க இயலாதது. தேயும் உறுப்புகளைக் காக்க இயக்கத்தை நிறுத்தினாலோ, படைப்பு காட்சிக்கூடத்தில் இருந்தும் இல்லாததாகிவிடும். லாஸ்லோ மொஹோலி-நாகி 1930இல் பாரிசில் காட்சிக்கு வைத்த ஒளிக்கருவி இதற்குத் தக்க சான்று. துளையிட்ட உலோகத் தகடுகளும் வலைகளும் கண்ணாடியும் சுழல, அவற்றின்மீது படும் விளக்கொளி சுவரெங்கும் நிழல்களாய் அலையும். அந்நிழல்களும் படைப்பின் உறுப்புகளே. ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலுள்ள மூலக்கருவி பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, அதன் உறுப்புகள் சில மாற்றப்பட்டும் உள்ளன. கலைஞர் மறைந்தபின், அவர் துணைவியார் சிபிலின் இசைவுடன் 1970இல் படிகள் செய்யப்பட்டன. 2006இல் மற்றுமொரு படி உருவாயிற்று.

படியை மூலத்தினும் தாழ்ந்ததாகக் கருதுவது கலைச்சந்தையின் வழக்கம். ஓலை செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதிப் பாடத்தைக் காத்த சுவடி மரபை அறிந்தோர்க்கு அக்கருத்து உடன்பாடாகாது. அசையாத மூலத்தைவிட, அளவும் வேகமும் பிசகாது சுழலும் படியே மொஹோலி-நாகியின் கருத்துக்கு அணுக்கமானது. ஆயினும் பெயர்த்தெழுதுவோரின் கைப்பிழை போன்றதே மோட்டாரின் வேகப்பிழையும். சற்று விரைந்து சுழன்றாலும் நிழலின் நடை மாறிவிடும். அவ்வேகத்தை ஆவணப்படுத்துவது, உதிரி உறுப்புகளைச் சேமிப்பதினும் முதன்மையான பணியாகும்.

இம்முடிபு எல்லா இயங்கு சிற்பங்களுக்கும் பொருந்துவதன்று. சுவிட்சர்லாந்துச் சிற்பி ழான் டிங்குலி மிதிவண்டிச் சக்கரங்கள், பியானோ, குளியல் தொட்டி முதலிய பழம்பொருள்களைக் கொண்டு ‘நியூயார்க்கிற்கு அஞ்சலி’யை அமைத்தார். 1960 மார்ச் 18 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தோட்டத்தில் அது 27 நிமிடங்கள் இயங்கி, தன்னைத்தானே சிதைத்துக்கொண்டது. தீயணைப்பு வீரரும் இடையிட நேர்ந்தது. அழிவதற்கென்றே இயங்கியதற்குப் படி எடுப்பது அதன் கருத்தையே மறுப்பதாகும். சிதைவிலிருந்து எடுக்கப்பட்ட துண்டொன்று அதே அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இன்றும் உள்ளது. அது இயங்குவதில்லை.